தேரைக் கணக்கு

மார்ச் மாதத்து முன்னிரவு. பகல் முழுக்கத் தூறிவிட்டு மழை ஓய்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஒரு கிராமத்துச் சாலையில், இருட்டில் மின்னும் மஞ்சள் மேற்சட்டை போட்ட நாலைந்து பேர் டார்ச் விளக்கும் பிளாஸ்டிக் வாளியுமாக நடக்கிறார்கள். ஒருவர் குனிந்து, தார்ச்சாலை நடுவே உட்கார்ந்திருந்த தேரையைத் தூக்கி வாளிக்குள் விடுகிறார். கையிலுள்ள அட்டையில் ஒரு கோடு போடுகிறார். இன்னொரு தேரை, இன்னொரு கோடு. இரண்டு மணி நேரம் கழித்து, சாலைக்கு மறுபுறம் உள்ள குளத்தங்கரையில் வாளியைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் மாலையும் வருவார்கள்.

பிரிட்டனில் ‘ஃபிராக்லைஃப்’ என்ற அமைப்பு ‘டோட்ஸ் ஆன் ரோட்ஸ்’ என்ற பெயரில் ஒருங்கிணைக்கும் தன்னார்வ வேலை இது. சிவப்பு முக்கோணத்துக்குள் தேரையின் படம் போட்ட சாலைப் பலகையே அந்த நாட்டில் உண்டு. ஆண்டுக்கு 20 டன் தேரைகள் பிரிட்டன் சாலைகளில் நசுங்கிச் சாகின்றன என்று இந்த அமைப்பு மதிப்பிடுகிறது. ஒரு தேரைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் நான்கு லட்சம் உயிர்கள்.

தேரைகளைக் காப்பாற்றத்தான் வாளி. ஆனால் என்னை ஈர்த்தது அந்த அட்டை. அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஜோடி எத்தனை, செத்தது எத்தனை என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறார்கள். எல்லாம் தேரைதானே, மொத்தமாக எண்ணினால் போதாதா? போதாது. ஏன் போதாது என்று புரிந்துகொள்ளத் தேரையின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பெயர். பேச்சு வழக்கில் நம்மில் பலருக்குத் தவளையும் தேரையும் ஒன்றுதான். சில ஊர்களில் சுவரில் ஒட்டும் சின்னத் தவளையைத் தேரை என்பார்கள். இங்கே நான் தேரை என்று சொல்வது, வறண்ட தோலும் உடம்பெல்லாம் கொப்புளம் போன்ற முடிச்சுகளும் கொண்ட, தாவாமல் பெரும்பாலும் நடந்தே போகும் பிராணியை. நாம் சொறித்தவளை என்று முகம் சுளிக்கிறோமே, அதை. தேங்காய்க்குள் பருப்பு இல்லாமல் போனால்கூட ‘தேரை மோந்தது’ என்று பழியை அதன் தலையில் போடுபவர்கள் நாம். ஆங்கிலேயர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. தொட்டால் மரு வரும் என்று அங்கே நெடுங்காலம் நம்பினார்கள்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வாழும் சாதாரணத் தேரைக்கு அறிவியல் பெயர் புஃபோ புஃபோ. அயர்லாந்தில் அது இல்லை. பிரிட்டனில் பரவலாக உண்டு. ஆண்டின் பெரும்பகுதியைத் தோட்டத்திலும் காட்டிலும் தனியாகக் கழித்து, குளிர்காலத்தில் மண்ணுக்குள்ளும் இலைக் குப்பைக்குள்ளும் முடங்கிவிடும். பிப்ரவரி கடைசியில் குளிர் சற்றுத் தணிந்து, ஈரமும் சேர்ந்த முதல் இரவுகளில் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும். பல தேரைகள் தாம் பிறந்த குளத்துக்கே முட்டையிடப் போகும். வழியில் இன்னொரு சிறு குளம் இருந்தாலும் கண்டுகொள்ளாது. பழைய குளத்துக்கும் காட்டுக்கும் நடுவே புதிதாகச் சாலை போட்டது நாம்தான். அதன் கால்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

அந்தச் சாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு அளவுத் தேரைகள் தெரியும். ஆறேழு சென்டிமீட்டரில் ஒல்லியாக ஒரு வகை. எட்டு சென்டிமீட்டரைத் தாண்டி, பக்கவாட்டில் பிதுங்கி, இட்லிபோல உப்பிய இன்னொரு வகை. சின்னது ஆண், பெரியது பெண். முட்டை நிறைந்த பெண் எடையில் ஆணைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பல நேரம் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பெண்ணின் முதுகில் ஆண் ஏறி, முன்கைகளால் அக்குளில் இறுகப் பிடித்துக்கொண்டு, குளம் வரைக்கும் இலவசச் சவாரி போகும். வாளிக்காரர்கள் அட்டையில் ‘ஜோடி’ என்று குறிப்பது இதைத்தான்.

அளவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். வயது குறைந்த பெண்ணும் வயதான ஆணும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அப்போது விரலைப் பார்க்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்கை உள்விரல்களில் கரிய, சொரசொரப்பான திட்டுகள் தோன்றும். வழுக்கும் பெண்ணுடலைப் பற்றிக்கொள்ள உப்புத்தாள் ஒட்டினாற்போல. முன்கையும் தடித்திருக்கும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. தேரையை முன்கைகளுக்குப் பின்னால் இரண்டு விரலால் மெல்லப் பிடித்தால் ஆண் ‘க்விக், க்விக்’ என்று கத்தும். இருட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிப்பிடிக்கும் அவசரத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பிடித்துவிட்டால், பிடிபட்டது ‘விடுடா, நான் ஆண்’ என்று சொல்லும் ஒலி அது. பெண் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். தன்னார்வலர்களின் விரலையும் தேரை இன்னோர் ஆணின் கை என்றே நினைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. தேரைக் குடும்பத்தின் ஆண்களுக்கு விரைக்கு மேலே சின்னதாக ஓர் உறுப்பு உண்டு. அதற்கு ‘பிடர் உறுப்பு’ (Bidder's organ) என்று பெயர். அது வளராமல் நின்றுபோன சூலகம். ஆய்வகத்தில் விரையை நீக்கினால் அது மெல்ல வளர்ந்து, வேலை செய்யும் சூலகமாகவே மாறிவிடும். சத்தம் போட்டு ஆண் என்று அறிவிக்கும் பிராணிக்குள் இப்படி ஒரு மாற்று ஏற்பாடு இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, பெண் ஏன் பெரிது? சிங்கம், மான், யானை என்று பழகிய நமக்கு ஆண்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். தவளை, தேரைக் குலத்தில் அது தலைகீழ். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரிச்சர்டு ஷைன் 1979இல் பல நூறு இனங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 90 சதவீதத்தில் பெண்ணே பெரிதாக இருந்தது. எளிய காரணம் முட்டை. சாதாரணத் தேரை ஒரே தடவையில் சில ஆயிரம் முட்டைகளை, கருமணி கோத்ததுபோல இரட்டை வரிசை நாடாவாக நீர்ச்செடிகளைச் சுற்றிப் போடுகிறது. உடம்பு பெரிதானால் முட்டைக்கு இடம் கூடும். ஆணின் பங்குக்கு அவ்வளவு இடம் தேவையில்லை.

இது பாதி விடைதான். மீதி வயதில் இருக்கிறது. தேரை எலும்பைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டி நிறமேற்றிப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையம்போலக் கோடுகள் தெரியும். வளர்ச்சி நின்ற ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒன்று. அதற்கு விரல் நுனி எலும்பு போதும், உயிரைக் கொல்ல வேண்டியதில்லை. அப்படி எண்ணிப் பார்த்ததில், ஆண்கள் பெண்களைவிட முன்பே பருவத்துக்கு வந்துவிடுவது தெரிந்தது. பருவம் வரும்வரை உடம்பு வேகமாக வளரும், வந்தபின் வேகம் அடங்கிவிடும். அதனால் ஒரு குளிர்காலமோ இரண்டோ கூடுதலாகக் காத்திருக்கும் பெண், அந்த அவகாசத்திலேயே ஆணை முந்திவிடுகிறது. பல தவளை, தேரை இனங்களில் ஆண் பெண் அளவு வேறுபாட்டின் பெரும்பகுதியை இந்த வயது வேறுபாடே விளக்கிவிடுகிறது என்று 2002இல் மோனே, செரி என்ற இருவர் காட்டினார்கள். குளத்தில் நாம் பார்க்கும் பெரிய பெண்களில் பல அருகில் இருக்கும் ஆணைவிட வயதில் மூத்தவை.

ஆண் சின்னதாக இருப்பது அதற்கு நல்லதா என்றால், அதுவும் இல்லை. குளத்தில் ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள். சண்டை உறுதி. முதுகில் ஏறியிருப்பவனை இழுத்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்க மற்றவை முயலும். பெரிய ஆணுக்கு அதில் வெற்றி வாய்ப்பு அதிகம். சில நேரம் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரே பெண்ணைச் சூழ்ந்து பந்துபோலத் திரண்டு, நடுவில் மாட்டிய பெண் மூழ்கி இறந்தே போகும்.

எதிரி பெரியவனா சின்னவனா என்று இருட்டில், கலங்கிய தண்ணீரில் எப்படித் தெரியும்? பிரிட்டன் ஆய்வாளர்கள் நிக் டேவிஸ், டிம் ஹாலிடே இருவரும் 1978இல் நேச்சர் இதழில் வெளியிட்ட பரிசோதனை இதற்கானது. இன்றுவரை விலங்கு நடத்தைப் பாடநூல்களில் இடம்பிடித்திருக்கிறது. பெரிய உடம்புக்குக் குரல் கட்டை. சின்ன உடம்புக்குக் கீச்சு. தாக்கவரும் தேரை அதைக் கேட்டு அளவை ஊகிக்கிறதா என்பது கேள்வி. முதுகில் இருக்கும் ஆணின் வாயில் குதிரைக்குக் கடிவாளம் போட்டதுபோல ரப்பர் பாண்டு மாட்டிக் குரலை அடைத்தார்கள். எதிரி வந்து தொட்டபோதெல்லாம் ஒலிபெருக்கியிலிருந்து பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டார்கள். சில சமயம் பெரிய தேரையின் கட்டைக் குரல், சில சமயம் சின்னதின் கீச்சுக் குரல். முதுகில் இருந்தது சின்னத் தேரையே ஆனாலும், கட்டைக் குரல் கேட்டபோது தாக்குதல்கள் குறைந்தன. ஆனால் குரல் ஒன்றையே எதிரி நம்பிவிடவில்லை. ஒரே குரலைக் கேட்டபோதும், பெரிய தேரையைவிடச் சின்னதே அதிகம் தாக்கப்பட்டது. உதை எவ்வளவு பலமாக விழுகிறது, பிடி எவ்வளவு இறுக்கம் என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. குரலைப் பொய்யாக்கலாம், உதையைப் பொய்யாக்க முடியாது.

பெரிய ஆணே ஜெயிக்கும் என்றால் ஆண்கள் ஏன் இன்னும் காத்திருந்து பெரிதாகி வருவதில்லை? காத்திருக்கும் ஆண்டுகளில் பாம்போ நாரையோ தின்றுவிடலாம். சின்னவனாக இருந்தாலும் குளத்துக்கு வெளியே, வரும் வழியிலேயே பெண்ணைப் பிடித்துவிட்டால் போட்டி குறைவு. இதற்காகவே ஆண்கள் வெட்டவெளியில், நாலாபக்கமும் பார்வை கிடைக்கும் இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து பெண்ணுக்காகக் காத்திருக்கும். அப்படி ஒரு வெட்டவெளிதான் தார்ச்சாலை. காரின் விளக்கு வெளிச்சத்தில் நகராமல் உட்கார்ந்திருக்கும் தேரையைப் பார்த்து மந்தம் என்று நினைக்கிறோம். அது வேலையில் இருக்கிறது.

இப்போது அட்டைக்குத் திரும்பலாம். ஆண் முதலில் வந்து, வாரக்கணக்கில் குளத்திலேயே கிடக்கும். அடுத்த ஆண்டும் வரும். பெண் வந்து, சில நாட்களில் முட்டையிட்டு, கிளம்பிவிடும். மீண்டும் அவ்வளவு முட்டைக்கு உடம்பில் சத்துச் சேர வேண்டும் என்பதால், பல பெண்கள் அடுத்த ஆண்டு வராமலே விடும். எனவே ஏதோ ஓர் இரவு குளத்தில் டார்ச் அடித்து எண்ணினால் ஆணே ஆணாகத் தெரியும். ‘முந்நூறு தேரை’ என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போகலாம். அதில் பெண் முப்பதா நூறா என்பதில்தான் அந்தக் குளத்தின் எதிர்காலம் இருக்கிறது.

தொகையை மதிப்பிட உயிரியலாளர்கள் கையாளும் பழைய முறை ஒன்று உண்டு: பிடித்து, அடையாளமிட்டு, விட்டுவிட்டு, மறுபடி பிடிப்பது. டென்மார்க்கின் பீட்டர்சன் மீனுக்கும், அமெரிக்காவின் லிங்கன் வாத்துக்கும் பயன்படுத்திய கணக்கு. தேரைக்கு முன்பு விரல் நுனியை வெட்டி அடையாளமிட்டார்கள். இப்போது அரிசி அளவுள்ள மின்னணுச் சில்லைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. முதல் இரவு 100 ஆண்களுக்கு அடையாளமிட்டு விடுகிறோம். ஒரு வாரம் கழித்து 100 ஆண்களைப் பிடித்தால் 50இல் அடையாளம் இருக்கிறது. நூற்றை நூறால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் 200. ஆண்கள் சுமார் 200. நன்று. முதல் இரவு 20 பெண்களுக்கும் அடையாளமிட்டோம். அடுத்த வாரம் 20 பெண்களைப் பிடித்தால் ஒன்றிலும் அடையாளம் இல்லை. பழையவை முட்டையிட்டுப் போய்விட்டன, இவை புதிதாக வந்தவை. இருபதை இருபதால் பெருக்கி, சுழியத்தால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார் கூடாது என்று சொன்ன காரியம்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து கணக்குப் போட்டால் விடை ஒன்று வரும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும். அது ஆணைப் பற்றியும் உண்மை சொல்லாது, பெண்ணைப் பற்றியும் சொல்லாது. இதற்காகத்தான் சில இடங்களில் குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வேலி கட்டி, ஓரத்தில் வாளிகளைப் புதைத்து வைத்து, உள்ளே போவது வெளியே வருவது எல்லாவற்றையும் பருவம் முழுக்க எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ரெயின்போ பே என்ற குட்டையில் இப்படி 12 ஆண்டுகள் எண்ணி, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். நீர்நில வாழ்விகளின் எண்ணிக்கை இயல்பாகவே ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும், இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கை வைத்து அழிகிறது என்றோ பெருகுகிறது என்றோ சொல்லிவிட முடியாது என்பது அதன் சாரம்.

அந்த எச்சரிக்கை நியாயமானது. அதன் மறுபக்கத்தைக் கோஸ்டா ரிக்காவின் மோன்டேவெர்டே மலைக்காடு காட்டிவிட்டது. அங்கே மட்டும் வாழ்ந்த பொற்தேரையில் ஆண் பளீரென்ற ஆரஞ்சு நிறம். பெண் அளவில் சற்றுப் பெரிது; கரிய உடம்பில் மஞ்சள் விளிம்பிட்ட சிவப்புப் புள்ளிகள். 1966இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. 1987இல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் மரவேர்களுக்கிடையே தேங்கிய சிறு குழிகளில் 1500க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார். மறுஆண்டு அதே இடத்தில் ஒன்று. 1989 மே 15 அன்று ஓர் ஆண். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. மழை தவறியதால் வெளியே வராமல் இருக்கிறதோ, பெண்கள் ஓராண்டு தள்ளிப் போடுகின்றனவோ என்று காத்திருந்தார்கள். 2004இல் அற்றுப்போன இனம் என்று அறிவித்தார்கள்.

சாதாரணத் தேரைக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அது கவலை குறைந்த இனங்களில் ஒன்று. ஆனால் ஒரு நாட்டுக்குள் அது குறைகிறதா என்று அந்தப் பட்டியல் காட்டாது. அங்கேதான் வாளிக்காரர்களின் அட்டை உதவியது. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் சாலையோரத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகக் குறித்து வைத்திருந்த எண்களைச் சேர்த்து, சில்வியு பெட்ரோவன், பெனடிக்ட் ஷ்மிட் இருவரும் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரிட்டனில் முப்பது ஆண்டுகளில் தேரைகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அவை ஆண்டுதோறும் வாளியில் தூக்கிக் காப்பாற்றப்பட்ட குளங்களின் தேரைகள். எங்கு பார்த்தாலும் இருக்கும் பிராணி என்பதால் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிருந்தது.

எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் சாலை, வீட்டுமனை, தூர்ந்த குளம் என்று காரணத்தை முடித்துவிடலாம். தென் இங்கிலாந்தின் டார்செட்டில் கிறிஸ் ரீடிங் என்பவர் வேறொன்றைப் பார்த்தார். 1983 முதல் 2005 வரை ஒரே குளத்துத் தேரைகளைப் பிடித்து, அளந்து, எடைபோட்டு வந்தவர் அவர். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை உள்ள நீளம், பிறகு எடை. அந்த நீளத்துக்கு அந்த எடை போதுமா குறைவா என்று பார்த்தால் உடல்தேறல் தெரியும். கேட்கச் சுலபம். தூக்கியதும் தேரை சிறுநீர் பெய்துவிடும், எடை மாறிவிடும். பெண்ணின் வயிற்றில் முட்டை இருந்தால் ஊட்டத்தையும் முட்டையையும் பிரித்தறிய முடியாது. இத்தனை தொல்லையையும் தாண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் விடாமல் அளந்திருக்கிறார். தேரையை விடுங்கள், நம்மில் எத்தனை பேர் சொந்த எடையை அவ்வளவு காலம் குறித்து வைத்திருக்கிறோம்?

குளிர்காலங்கள் இளஞ்சூடாக மாறிய அந்த ஆண்டுகளில் பெண் தேரைகளின் உடல் நலிந்தது. உயிர் பிழைக்கும் பெண்களின் விகிதம் குறைந்தது. பெண்கள் அளவில் சிறுத்தன, முட்டைகளும் குறைந்தன. முடங்கிக் கிடக்கும் மாதங்களில் நல்ல குளிர் இருந்தால் உடம்பு மெல்ல எரியும். குளிர் குறைந்தால் சேமித்த கொழுப்பு சீக்கிரம் தீரும், தின்னவோ எதுவும் கிடைக்காது என்பது இதற்கான விளக்கம். பெண் சிறுத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள அளவு வித்தியாசமும் சுருங்கும். தலையை மட்டும் எண்ணுகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. குளம் கொஞ்ச காலத்துக்கு நிறைந்தே தெரியும், ஆண்களால்.

நம் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருப்பது வேறு இனம். அதன் பெயர் டுட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். பேரினப் பெயரின் முற்பகுதி ஒடிசாவின் தவளை ஆய்வாளர் சுசீல் குமார் தத்தாவைச் சிறப்பிக்க வைத்தது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. இதிலும் பெண்தான் பெரிது. மழை விழுந்து குட்டை நிறைந்த இரவில் ‘குர்ர்ர்’ என்று நீளமாக இழுப்பது ஆண். அந்தப் பருவத்தில் அதன் தொண்டை மஞ்சளாகும், உள்விரல்களில் அதே கரிய திட்டு வரும்.

அடுத்த மழைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவிளக்கடிக்குப் போய்ப் பாருங்கள். பூச்சிக்காகக் காத்திருக்கும் தேரைகளில் எத்தனை மஞ்சள் தொண்டை, எத்தனை வெளிறிய தொண்டைப் பெரியவை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். தேதியையும் மழையையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே தெருவிளக்கை ஆண்டுதோறும் பாருங்கள், இடத்தை மாற்றாதீர்கள். தொட வேண்டிய தேவையில்லை. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள். மரு வராது, ஆனால் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் பால் நன்றாக எரியும்.